திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

இளையோரின் நடையையும் கல்வியையும் உள்ளநலத்தையும் உருவாக்கும் ஆற்றல்கள் யாவை என வினவுவார்க்குப் பெற்றோர் என்றும் ஆசிரியர் என்றும் நூல் என்றும் விடை கூறுதல் பெருவழக்கு. உடன்பயிலும் ஒத்த இளையோரை அவ்வரிசையின் இறுதியில் வைப்பர். வைக்குங்காலும் கூடாநட்பு என்னும் அச்சத்தோடு வைப்பர். தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வரிசை பொருந்தாது என்பது விரைவில் புலனாகும். நம் இலக்கண நூலொன்று புலமையில் ஆசிரியனுக்கு உரிய பங்கையும் உடன்பயில்வோர்க்கு உரிய பங்கையும் அளவிட்டே கூறியிருக்கின்றது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகள் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளைப் பயிற்றின. அதனையொத்த முறையொன்று சென்னையினின்று கப்பலேறி இங்கிலாந்து சென்று, அந்நாட்டு எளிய மக்களின் தொடக்கக் கல்வியை ஒரு தலைமுறைக் காலம் ஆண்டது. அங்ஙனமாயின் அம்முறை பிறந்த மண்ணில் ஏன் மறைந்தது? மறைந்தபோது அதனொடு மறைந்தது எது? மறையாது நின்றது எது? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் நன்னூலை நோக்குவாம். பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் மாணாக்கனது வரலாறும் பாடங்கேட்டலின் வரலாறும் கூறுமிடத்து ஒரு கணக்குத் தருகின்றார். ஆசிரியன் உரைத்ததை முழுதும் உளங்கொண்டானாயினும் மாணாக்கன் பெறும் புலமை காற்கூறே. தன்னோடொத்த பயில்வோருடன் பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். நூற்பா நமக்கெல்லாம் மனப்பாடம். ஆயினும் அதன் துணிவை நாம் போதிய அளவு வியந்தோமில்லை. ஆசிரியனை நிலம், மலை, நிறைகோல், மலர் என உவமித்துப் போற்றிய அதே பாயிரம், கல்வியின் முக்காற்பங்கை ஆசிரியனுக்கு வெளியே வைத்துவிட்டது. மாணாக்கனைப் பற்றிப் பேசுமிடத்து அச்சம் வாராமலில்லை. குளிர்காய்வான் தீயிடத்து நிற்பது போல மிக அணுகாமலும் மிக விலகாமலும் ஆசிரியனிடத்து நிற்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆயின் அப்பாயிரத்தில் பிரம்பு என்னும் பேச்சே இல்லை. கொள்வோன் கொள்ளும் வகையறிந்து அவன் உளங்கொள்ளக் கொடுத்தலே ஆசிரியன் கடன். கொள்ளாதவனை ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று இழித்துக் கூறுவரேயன்றி, அடித்துக் கொள்ளச் செய்க என்று கூறினாரல்லர்.

நன்னூலார் கருதிய மாணாக்கன் இலக்கணம் கற்கும் இளைஞன். அரிச்சுவடி தொடங்கும் ஐந்தாண்டுப் பிள்ளை அல்லன். எனவே நூற்பாவை அப்படியே ஊர்ப்பள்ளிக்கு உரியதாக ஏற்றுதல் பொருந்தாது. மேனிலைக் கல்வியில் அக்கணக்கு மெய்யாகவே நடைமுறையில் இருந்தது என்பதற்குத் திருவாவடுதுறை சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் பாடங்கேட்கத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், பிற மாணாக்கரோடு கலந்து பயின்றதையும், தாமே பிறர்க்குப் பாடஞ்சொன்னதையும், 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குச் செல்லும் வரை அம்மடத்திலேயே அப்பணி தொடர்ந்ததையும் ‘என் சரித்திரம்’ படித்தார் நன்கறிவர். இளம்பிள்ளைகளின் பள்ளியிலும் இக்கொள்கையின் நிழல் விழுந்திருந்ததா என்பதே நம் வினா.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது பெயருக்கேற்ப ஒரு வீட்டின் திண்ணை. சிற்றூர்களில் கோயில் மண்டபமோ மரத்தடியோ ஆதலும் உண்டு. ஐரோப்பியர் இதனைப் ‘பயால்’ பள்ளி என்று எழுதினர். அது மேடை இருக்கையைக் குறிக்கும் போர்த்துகேசியச் சொல்லின் திரிபு. நம் ‘பயல்’ என்னும் சொல்லொடு அதற்கு யாதோர் உறவும் இல்லை. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதுவான். கை படிந்தபின் ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும். அரிச்சுவடி, எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்பன ஒரு பக்கம், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை என்பன மற்றொரு பக்கம், மேற்செல்வார்க்கு நிகண்டு. வகுப்பு என்னும் பிரிவு இல்லை. முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் இலக்கம் முறைபோடும் பிள்ளையின் அருகிலேயே அகரம் எழுதும் பிள்ளை அமர்ந்திருப்பான். தன் பாடத்தைத் தான் சொல்லும்போது அடுத்தவன் பாடமும் செவியில் விழும். இவர்களுக்கெல்லாம் ஆசிரியர் ஒருவர். அவருக்குத் துணை, முன்னே கற்ற பிள்ளைகள். அவருள் தலைவன் சட்டாம்பிள்ளை.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆசிரியராதல் எத்துணைப் பழைமையானது என்பதற்கு அயலார் கண்டெழுதிய சான்று ஒன்று உண்டு. இத்தாலிய வழிப்போக்கரான பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டில் இக்கேரி செல்லும் வழியில், கோயில் முகப்பொன்றில் சிறுவர் நால்வர் மணல் பரப்பி எண் பயில்வதைக் கண்டார். ஒருவன் இசையோடு பாடத்தைக் கூறி எழுத, ஏனையோர் அவ்வாறே கூறி எழுதினர். ஆசிரியரைக் காணாத அவர், மறந்தாலும் பிழைபட்டாலும் திருத்துவார் யார் என்று வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் ஒருங்கே மறத்தல் இயலாது என்றும், ஒருவன் தவறின் மற்றவர் திருத்தவே கூடிப் பயில்கின்றோம் என்றும் அச்சிறுவர் விடையிறுத்தனர். நன்னூலார் கணக்கைச் சிறுவர் வாய்மொழியில் கேட்பது போன்றதோர் உணர்ச்சி இதனைப் படிப்பார்க்கு எழும். இது தமிழ்நாட்டு நிகழ்ச்சி அன்றெனினும் மணலெழுத்தும் கூட்டுக்குரலும் தென்னாட்டு ஊர்ப்பள்ளிகளுக்குப் பொதுவானவை.

இப்பள்ளிகளின் அளவை அறிய 1822ஆம் ஆண்டு தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பு உதவுகின்றது. மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், சென்னை மாகாணம் முழுவதிலும், அஃதாவது தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகள் அனைத்திலும், 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை காண்கின்றோம். மக்கள்தொகை 1,28,50,941. அறுபத்தேழு பேர்க்கு ஒருவர் பள்ளியில் இருந்தார் என்பது மன்றோ கண்ட விகிதம். பெண்களை நீக்கி, பள்ளிப் பருவத்து ஆண்பிள்ளைகளை மட்டும் கொண்டு, வீட்டிலே கற்பாரையும் சேர்த்தால் மூவருள் ஒருவர் கல்வி பெற்றனர் என்பது அவர் மதிப்பு. இவ்வெண்களைப் பற்றிப் பிற்காலத்தில் பெரும் வாதம் நிகழ்ந்தது. 1931இல் இலண்டனில் காந்தியடிகள் இந்தியக் கல்வியை அழகிய மரமொன்றுக்கு ஒப்பிட்டு, அதன் வேரை ஆங்கிலேயர் தோண்டி அழியவிட்டனர் என்று பேச, பிலிப் ஹார்டாக் அதனை மறுத்தார். தரம்பால் 1983இல் அம்மரத்தின் பெயரையே சூட்டி மன்றோவின் ஆவணங்களைப் பதிப்பித்தார். எத்தனை பேர் கற்றனர் என்பதில் இரு திறத்தாரும் ஆழ்ந்தனர். கற்ற பிள்ளைக்கு அப்பள்ளி என்ன செய்தது என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

நாம் அவ்வெண்களில் வேறொன்றைக் காண்கின்றோம். மாணாக்கர் தொகையைப் பள்ளித் தொகையால் வகுத்தால் பள்ளியொன்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வருகின்றனர். இது சராசரியே, பேரூர்களில் மிக்கும் சிற்றூர்களில் குறைந்தும் இருந்திருக்கும். ஆயினும் பதினைந்து என்னும் எண் பொருளுடையது. பதினைவர் கூடுமிடத்தில் சட்டாம்பிள்ளை எவனோ ஓர் அதிகாரி அல்லன். அடுத்த வீட்டு அண்ணன், அல்லது மாமன் மகன். பள்ளி கலைந்தபின்னும் அவனோடு ஆற்றுக்குச் செல்லவேண்டும். நவராத்திரியில் அவனோடு கோலாட்டம் அடித்து வீடுதோறும் பாடி ஆசிரியர்க்குப் பொருள் பெற்றுவரவேண்டும். பள்ளியுள் அவன் செலுத்தும் ஆட்சியை ஊரின் கண் ஓரளவேனும் நோக்கிக்கொண்டிருந்தது.

எனினும் இவ்வுறவை இனிமையே உடையதாகக் காட்டுவது உண்மையாகாது. மன்றோவின் வினாவுக்கு விடையாகப் பல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கை, பள்ளியின் உள்முகத்தை நமக்குக் காட்டும் அரிய ஆவணம். பல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கிய மாவட்டம். ஆயின் அவர் கூறும் வழக்கங்கள் தமிழ்நாட்டார்க்குப் புதியன அல்ல. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரைச் சிறப்பாக எழுதுவர். இரண்டாமவன் கையில் சுழியம். புகழும் இல்லை, இகழும் இல்லை என்பது அதன் குறிப்பு. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவார்க்கு ஒவ்வொன்றாக ஏறும். மடிபிடித்தவர்க்குப் பிரம்படி உண்டு. கூரையினின்று கயிற்றில் தொங்கவிடுதல் உண்டு. ஓயாது மண்டியிட்டு எழச்செய்தல் உண்டு. தொங்கவிடுதலையே நம் நாட்டார் கோதண்டம் என்பர்.

இவ்வடிக் கணக்கைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பதினைந்து பேர் உள்ள பள்ளியில் கடைசியாக வருபவனுக்குப் பதின்மூன்று அடி. அவன் எந்நேரத்தில் வந்தான் என்பது பற்றிக் கேள்வியே இல்லை. பதினைவரும் விடியுமுன் வந்தாலும் பதினைந்தாமவனுக்குப் பதின்மூன்று. பதினைவரும் பொழுதேறி வந்தாலும் முதல்வனுக்குச் சரசுவதி. ஆகவே இங்குத் தண்டிக்கப்படுவது தாமதம் அன்று. பிறர்க்குப் பின்னாதலே குற்றம். என் தோழன் ஒருபடி முந்தினால் என் கையில் ஓரடி ஏறும். பாடத்தில் துணையாகும் அதே தோழன் வாயிற்படியில் பகையாகின்றான். மெலிந்த பிள்ளையும், தம்பி தங்கையரைப் பேணிவிட்டு வரும் பிள்ளையும், தொலைவிலிருந்து நடந்துவரும் பிள்ளையும் நாடோறும் ஒரே இடத்தில் நின்றிருப்பர். அஃது எவ்விடம் என்று நாம் கூறவேண்டுவதில்லை. கூட்டாகப் பயிலுதலும் ஒருவரையொருவர் முந்துதலும் ஒரே திண்ணையில், ஒரே நாளில், ஒரே பிள்ளையின் உள்ளத்தில் பதிந்தன. சட்டாம்பிள்ளை பாடமும் சொல்லுவான்; தவறு செய்தாரைக் காட்டியும் கொடுப்பான்; ஆசிரியர் கைப்பிரம்பு சிற்சில வேளை அவன் கைக்கும் மாறும்.

இக்கொடுமைக்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் நாட்டில் எங்கும் இருந்தனர். அடியாத மாடு படியாது என்னும் பழமொழி பள்ளியில் பிறந்ததன்று. வீட்டிலும் வயலிலும் பிறந்து பள்ளிக்கு வந்தது. ஆசிரியருடைய உணவு அப்பெற்றோர் கொடுக்கும் நெல்லிலும் சிறு காசிலும் இருந்தது. அவர் விரும்பியதை இவர் செய்தார்.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒன்று கூறி மேற்செல்வாம். பிள்ளைகள் பொருளுணராமல் செய்யுள்களை ஒப்பிக்கின்றனர் என்று காம்பெல் குறைகூறினார். அவருக்குப் பின்வந்த கல்வி அதிகாரிகளும் அதனையே பல்லவியாக்கினர். அண்மையில் தென்னிந்திய எண்ணும் அளவையும் பற்றி 2022இல் நூல் வெளியிட்ட செந்தில் பாபு, திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சி வெறும் கிளிப்பாடம் அன்று என்றும், எண்ணை நினைவில் அடுக்கி வேண்டியபோது எடுத்தாளும் ஒரு தொழிற்பயிற்சி என்றும் விளக்கினார். இரண்டும் உண்மையே என்பது நம் கருத்து. முந்நூற்றிருபதில் ஒரு கூறாகிய முந்திரியையும், எண்பதில் ஒன்றாகிய காணியையும், இருபதில் ஒன்றாகிய மாவையும் குரலோடு பெருக்கிக் கற்ற பிள்ளை, நிலமளக்கும் இடத்திலும் நெல்லளக்கும் களத்திலும் அன்றே அவற்றைப் பயன்கொண்டான். அறநூலோ பின்னாளில் பொருள் விளங்கும் என்னும் நம்பிக்கையில் சேர்த்துவைத்த விதை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழெழுதிப் பழகினார். அடுத்த இரண்டாண்டில் உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் செர்மன் மொழியில் பெயர்த்தார். சிறுவர் ஒப்பிக்கும் அறநூல்களை மொழிபெயர்க்கத் தகுந்தனவாக அயலார் ஒருவர் கருதியது நினைக்கத்தக்கது.

இனி, இம்முறை கடல் கடந்த வரலாறு. 1787இல் சென்னைக்கு வந்த ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்க்குப் பிறந்தோராகிய அச்சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கத் துணையாசிரியரால் இயலவில்லை. ஒருநாள் காலை அவர் வெளியே சென்றபோது ‘மலபார்’ பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றே வழங்கினர் என்பதை நினைவிற்கொள்க. அம்முறையைத் தம் விடுதியில் புகுத்த முனைந்தபோது துணையாசிரியர் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் இயலாதது அவனால் இயன்றது. பெல் 1796இல் தாயகம் திரும்பி அடுத்த ஆண்டில் இச்சோதனையைச் சிறுநூலாக வெளியிட்டார். மணலெழுத்தைத் தமிழரிடம் பெற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். மாணவர் மாணவர்க்குக் கற்பித்தலைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். காம்பெல் அதனை ஏற்கவில்லை. முன்கற்றார் பின்கற்றார்க்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிசெய்யும் நாட்டுப்பள்ளி முறை, இங்கிலாந்து பின்பற்றுதற்குத் தகுதியுடையதே என்று அவர் எழுதினார். ஒரே திண்ணையில் மணலையும் கண்டவர் சட்டாம்பிள்ளையைக் காணாது வந்திருப்பாரா என்பதை அறிஞர் தாமே தீர்த்துக்கொள்க.

பெல்லின் விடுதியில் ஒரு புதுமை இருந்தது. குற்றங்களைக் கறுப்பேடு ஒன்றில் பதிந்து, வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடியிருக்க அவற்றை ஆராய்ந்து, மாணவரையே நடுவராக்கித் தீர்ப்புச் செய்தனர். உடன்பயில்வோர் ஆற்றலை அடியினின்று பிரித்து முறைமன்றாக்கிய முயற்சி இது. அதே காலத்தில், 1798இல் இலண்டன் நகரின் சதர்க் பகுதியில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், குவேக்கர் சமயத்தவர் ஆதலின் அடித்தலை வெறுத்தார். ஆயின் குற்றஞ்செய்த சிறுவன் கழுத்தில் மரக்கட்டை கட்டினார். கூடையில் இட்டுக் கூரைக்கு ஏற்றிப் பிறர் நகைக்கத் தொங்கவிட்டார். கோதண்டம் கயிற்றில் இருந்து கூடைக்கு மாறியது போலும்! ஒன்று மற்றொன்றினின்று வந்தது என்று நாம் கூறவில்லை. அடியை நீக்கியவர் நாணத்தைக் கருவியாக்கினார் என்பதும், நாணம் உடன்பயில்வோரின் கண்ணின்றிப் பிறவாது என்பதுமே நாம் கூறவருவன.

பெல்லைப் பின்பற்றிய தேசியக் கழகம் 1811இல் தோன்றிற்று. லங்காஸ்டரைச் சார்ந்தாரும் தனிக்கழகம் கண்டனர். இரு திறத்தாரும் தாமே முறைக்குத் தந்தையர் என்று பல்லாண்டு பூசலிட்டனர். அப்பூசல் நமக்கு வேண்டா. நமக்கு வேண்டுவது எண்ணிக்கை. பதினைவர் திண்ணையில் இருந்த முறையை அவர்கள் நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபத்துக்குக் கொண்டுசென்றனர். ஆசிரியர் ஒருவர், மேற்பார்க்கும் சிறுவர் பலர், மணியோசை, கட்டளை, வரிசை. அந்நாட்டில் ஆலைகள் பெருகிய காலம் அது. பள்ளியும் ஆலை வடிவு கொண்டது. சட்டாம்பிள்ளை அண்ணன்நிலை நீங்கிக் கங்காணிநிலை எய்தினான். பத்தாண்டுச் சிறுவர் தாமே அரைகுறையாய் அறிந்ததைப் பிறர்க்குத் திணிக்கின்றனர் என்னும் குறை எழுந்தது. 1846இல் வயது முதிர்ந்த மாணவரை ஊதியங்கொடுத்து ஆசிரியராகப் பழக்கும் வேறொரு திட்டத்தை அந்நாட்டு அரசு மேற்கொண்டது. சென்னை முறை அங்கு மெல்லமெல்லத் தேய்ந்தது.

இங்கு நடந்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசு ஊர்ப்பள்ளிகளை நிதியுதவிக்கு உட்படுத்தித் தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1862இல் வகுத்த விதிகளை ஒட்டி, மாணாக்கர் தேர்ச்சிக்கேற்பப் பணங்கொடுக்கும் முறை இங்கும் அந்த அறுபதுகளிலேயே புகுந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நிறுத்திப் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் சொல்லுவார், தேறிய தலைக்கு இத்தனை என ஆசிரியர் பணம் பெறுவார். இங்குத்தான் நாம் தேடிய முடிச்சு இருக்கின்றது. தனித்தனியே அளக்கும் தேர்வில், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தமைக்கு மதிப்பெண் இல்லை. நன்னூலார் அரைக்கூறு என்று மதித்த பகுதி இன்ஸ்பெக்டர் ஏட்டில் சுழியமாயிற்று. பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டல் காப்பியடித்தலாகிய குற்றத்தின் பெயர் பெற்றது. வகுப்புகள் வயதுவாரியாகப் பிரிந்தன. முன்கற்றானும் பின்கற்றானும் ஒரே பாயில் அமர்தல் ஒழிந்தது. மனப்பாடம் ஒழிந்ததா? இல்லை, தேர்வு அதனை முன்னினும் வேண்டிற்று, பாடம் மட்டும் நெல்லிலக்கத்தினின்று வேறொன்றாயிற்று. பிரம்பு ஒழிந்ததா? அதுவும் இல்லை, தேறாத தலை ஆசிரியர்க்குப் பண இழப்பாதலின் அதற்குப் புதிய காரணமும் கிடைத்தது. திண்ணைப் பள்ளியின் மூன்று ஆற்றல்களில் துணை போயிற்று. ஒப்பித்தலும் அச்சமும் நின்றன. நாட்டுமுறையைக் குறைகூறிச் சீர்திருத்த வந்தவர்கள் எடுத்தெறிந்தது அதன் நல்ல பகுதியை என்று கூறின் அது மிகையாகாது.

இவ்வாறு கூறுவதால் திண்ணையைப் பொற்காலமாக்க விரும்புகின்றோம் என்று எவரும் கருதல் வேண்டா. 1,88,650 மாணாக்கருள் பெண்கள் ஏறத்தாழ 4,500 பேரே. பல்லாரியில் 6,641 மாணாக்கர்க்கு அறுபதின்மர் பெண்கள். தமிழ் மாவட்டங்களில் பார்ப்பனப் பிள்ளைகள் சிறுபான்மையராகவும், அதிகாரிகள் சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் குறித்தோர் பெரும்பான்மையராகவும் இருந்தமையைத் தரம்பால் எடுத்துக்காட்டியது உண்மையே. அஃது எளிதில் தள்ளத்தக்க செய்தியன்று. ஆயின் திண்ணை என்பது ஒருவர் வீட்டின் உறுப்பு. அவ்வீட்டுத் திண்ணையில் ஏறக்கூடாதவர் என்று ஊர் ஒதுக்கிய மக்களின் பிள்ளைகள் அப்பள்ளியிலும் ஏறவில்லை. பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று போற்றும்போது, அக்கூட்டத்தில் இல்லாதாரைப் பற்றியும் அவர்கள் கற்றனர் என்பதை மறத்தலாகாது. யார் அருகில் அமரலாம், யார் அமரலாகாது என்பது அரிச்சுவடிக்கு முந்திய பாடம்; அதற்கு ஓலையும் வேண்டா, மணலும் வேண்டா. சீகன்பால்கு 1707இல் தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டதும், ஆல்காட் 1894இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்ததும் திண்ணைக்கு வெளியே நிகழ்ந்தனவே. அரசுக் கண்காணிப்பும் பொதுப்பள்ளியும் வாராவிடின் அப்பிள்ளைகட்கு வாயில் எப்போது திறந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தே, மேலே நாம் கூறிய குறையை எடைபோடவேண்டும்.

இந்திய நாட்டின் கல்வியுரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதினேழாம் பிரிவு பிள்ளையை உடலால் தண்டித்தலையும் உள்ளத்தால் துன்புறுத்தலையும் ஒருங்கே தடுக்கின்றது. உடலடியையும் உள்ளத் துன்பத்தையும் ஒரே வரியில் வைத்தது நம் நோக்கில் கூர்மையான செயல். லங்காஸ்டரின் கூடை அவ்விரண்டாம் சொல்லுக்குள் அடங்கும். ஆயின் அச்சட்டம் எடுப்பதைக் கூறுமளவு விரிவாக, எடுத்த இடத்தில் வைப்பது எது என்று கூறவில்லை. அது சட்டத்தின் வேலையும் அன்று; பாடத்திட்டம் வகுப்போரும் தேர்வு வகுப்போரும் செய்யவேண்டுவது. தனித்தனியே அளக்கும் தேர்வை வைத்துக்கொண்டே கூட்டுக்கற்றலைப் புகுத்த முயல்வோர், 1860களின் விதிகளை ஒருமுறை படித்தல் நன்று.

இறுதியாகச் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய மாணவர்க்கு ஒரு குறிப்பு. சட்டாம்பிள்ளை என்னும் சொல் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டது. இன்று தமிழில் சட்டாம்பிள்ளைத்தனம் என்றால் கேளாமலே அதிகாரஞ்செய்யும் இயல்பு. பாடஞ்சொல்லும் அண்ணன் அச்சொல்லில் இல்லை. மலையாளத்தில் அதன் வழி இன்னும் கீழிறங்கியது. அங்குச் சட்டம்பி என்பவன் முரடன், வம்பன். கற்பித்தவன் மறைந்து அடித்தவன் நின்ற கதையை இரு மொழிகளும் தனித்தனியே பதிந்துவைத்திருக்கின்றன. ஆயினும் பழைய பொருள் ஓரிடத்தில் அழியாது தங்கிற்று. 1853இல் பிறந்து 1924இல் மறைந்த கேரளத் துறவியும் அறிஞருமான சட்டம்பி சுவாமிகள், இளமையில் திருவனந்தபுரத்தில் பேட்டை இராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்து உடன்பயில்வோரை நடத்தியவர். அப்பள்ளியில் பெற்ற பெயரே அவருடைய துறவுப் பெயரோடும் ஒட்டி நின்றது.